சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஹாம் ரேடியோவில் என்னென்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கி சொந்த ரேடியோ செட்டில் வெளியூர், வெளிநாட்டு ஆர்வலர்களோடு பேசும் பொழுதுபோக்கு, அதில் ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது, இருப்பது வேளச்சேரி பக்கம் ஒரு வாடகை ஃபிளாட், லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை, கையில் பெரிய பட்ஜெட்டும் கிடையாது; எதைப் படிப்பது, எதைச் செய்து பார்ப்பது, யாரைப் பிடிப்பது?

முதல் சில மாதங்களுக்கு செட் எதுவும் வாங்காதீர்கள். கேளுங்கள், நிறையக் கேளுங்கள். நான் பெரம்பூரில் ஒரு மூன்று மாடி வீட்டில் இருந்து பதினைந்து வருஷமாக இதைச் செய்கிறேன். கேட்டுப் பழகிய பிறகு மைக்கைத் தொட்டவர்கள் இதில் நிலைத்து நின்றார்கள், லைசென்ஸ் வந்த அன்றே பளபளவென்று செட் வாங்கியவர்களில் பாதிப் பேர் ஒரு வருஷத்தில் அதை விற்றுவிட்டார்கள், இது நான் கண்ணால் பார்த்தது. இன்னொரு காரணமும் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்கிற செட்டைக் கையில் வைத்திருப்பதே சட்டப்படி தவறு, அதனால் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற சீன ஹேண்டியை (வாக்கி டாக்கி மாதிரி கையடக்க செட்) இப்போதே வாங்கி வைத்துவிட்டு அப்புறம் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

கேட்பதற்குக் காசே வேண்டாம். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு வெப்எஸ்டிஆர், அதாவது இணையம் வழியாகக் கேட்கும் ரிசீவர், நடத்துகிறது, பிரவுசரைத் திறந்தால் போதும், அவர்களுடைய ஆன்டெனாவில் விழுவது உங்கள் ஹெட்போனில் கேட்கும். கிவிஎஸ்டிஆர் என்ற வகை ரிசீவர்களும் உலகம் முழுக்க இதே மாதிரி திறந்து கிடக்கின்றன. ஹாம்கள் குரலை அனுப்பும் முறை எல்எஸ்பி, யுஎஸ்பி என்று இரண்டு, திரையில் அதற்கான பட்டன் இருக்கும்; 7 மெகாஹெர்ட்ஸில் எல்எஸ்பி, 14 மெகாஹெர்ட்ஸில் யுஎஸ்பி வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் பேச்சு வாத்து கத்துவது போல இருக்கும். ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் கேட்டால் சிக்யூ என்று பொதுவாக எல்லோரையும் எப்படி அழைக்கிறார்கள், சிக்னல் ரிப்போர்ட் எப்படிக் கொடுக்கிறார்கள், எப்போது வாயை மூடிக்கொண்டு வழிவிட வேண்டும் எல்லாம் தானாக வந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது கஷ்டம்.

அடுத்து, சொந்தமாக ஒரு ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள். பென் டிரைவ் அளவில்தான் இருக்கும், லேப்டாப்பில் செருகினால் ரிசீவர். வி3, வி4 என்று வருகிற வகையை வாங்கினால் ஷார்ட் வேவும் கேட்கலாம். போலீஸ், விமான நிலைய அலைவரிசைகள் பக்கம் மட்டும் போக வேண்டாம், ஹாம்களுக்கு ஒதுக்கிய அமெச்சூர் பேண்டுகளிலேயே ஆயுசுக்கும் கேட்க விஷயம் இருக்கிறது.

இந்த டாங்கிளை வைத்து நான் எல்லோரையும் முதலில் செய்யச் சொல்வது, சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்பது. அது 145.800 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம்மில் அனுப்பும். சில நாட்களில் எஸ்எஸ்டிவி என்று படங்களையும் அனுப்புவார்கள், விண்வெளி நிலையத்து ஹாம் ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் ஏரிஸ் அமைப்பு தேதியை முன்கூட்டியே அறிவிக்கும். என் மகள் ஏழாவது படிக்கும்போது 49 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பித்தளைக் கம்பிகளை வெட்டி, ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸில் வி வடிவத்தில் திருகி, தண்ணீர் டேங்க் பக்கத்தில் கட்டினோம். சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். முதலில் வெறும் இரைச்சல். நிலையம் தொடுவானத்தைத் தாண்டி மேலே வந்ததும் இரைச்சல் அப்படியே அடங்கி, ஒரு விசில் சத்தமும் அதன் பின்னால் டிக் டிக் என்று ஒரு தாளமும். ரோபோ36 என்ற ஆப்பைப் போட்டு போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். மேலிருந்து ஒவ்வொரு கோடாகப் படம் இறங்க ஆரம்பித்தது, முதலில் நீலம், அப்புறம் ஒரு விண்வெளி வீரரின் தோள். ஒரு படம் முழுசாக இறங்க இரண்டு நிமிஷம் ஆகும், மொத்தமாக நிலையம் நமக்கு மேலே இருப்பதே பத்து நிமிஷம்தான். கீழ்ப் பாதியில் கோடு கோடாகப் புள்ளி விழுந்த அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு இன்னும் வைத்திருக்கிறாள். நிலையம் நெருங்கும்போது அலைவரிசை மூன்று கிலோஹெர்ட்ஸ் போல மேலே இருக்கும், விலகும்போது அதே அளவு கீழே போகும். டாப்ளர் விளைவைப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகளில் நோவா 15, 18, 19 வானிலை செயற்கைக்கோள்களில் இருந்து படம் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். அவை மூன்றும் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டன. இப்போது ரஷ்யாவின் மீட்டியோர் எம்2 வரிசைதான், 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம், சாட்டம்ப் (SatDump) என்ற இலவச மென்பொருளில் படம் வரும். கம்பியை மட்டும் ஒவ்வொரு பக்கமும் 53 சென்டிமீட்டராக நீட்டிக்கொள்ளுங்கள்.

சரி, ஷார்ட் வேவுக்கு வருவோம். சென்னையில் ஷார்ட் வேவ் கேட்பதற்கு இடைஞ்சல் ஹவுஸ் ஓனர் இல்லை, இரைச்சல்தான். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், செட் டாப் பாக்ஸ் அடாப்டர், பக்கத்து வீட்டு சோலார் எல்லாம் சேர்ந்து பேண்டையே மூடிவிடும். ஒரு நாள் ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போனபோது லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று 7 மெகாஹெர்ட்ஸ் முழுக்கக் குரல்கள், தாய்லாந்து, ஜப்பான், கோழிக்கோட்டுக்காரர் ஒருவர். அதுவரை அந்தக் குரல்கள் எல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கின்றன. அடுத்த நாள் மெயினை அணைத்துவிட்டு எம்சிபிக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஹாலில் இருந்த ஒரு போன் சார்ஜர்தான் பாதி இரைச்சலுக்குக் காரணம். நீங்களும் ஆன்டெனாவுக்குச் செலவு செய்யும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

ஆன்டெனா என்றால் டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு சம நீளக் கம்பி, அது போதும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், 14.1-க்குப் பத்து மீட்டர் சொச்சம். நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் ஐந்தைந்து மீட்டர், சாதாரண வீட்டு வயரிங் கம்பியே போதும், மாடிப்படி ரூம் சுவரில் இருந்து டேங்க் வரை கட்டினால் தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்குத் துணிக்கொடி. ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எங்கள் ஓனர் அம்மாவுக்கு மாடியில் வைத்தே கொழும்புக்காரரின் குரலைக் கேட்க வைத்தேன், அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேபிளுக்கு ரிச்சி தெருதான், ஆனால் உறையில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு கடையில் 50 ஓம் என்று சொல்லி எனக்கு 75 ஓம் டிவி கேபிளை இருபது மீட்டர் கொடுத்துவிட்டார்கள். ஆர்ஜி 58 என்று எழுதியிருக்க வேண்டும், ஆர்ஜி 59 என்றிருந்தால் வேண்டாம். கடல் காற்றில் கனெக்டர் ஒரே வருஷத்தில் பச்சை பூத்துவிடும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மழை என்றால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும், இதில் சோம்பல் கூடவே கூடாது. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது என் ஆன்டெனா கம்பம் பக்கத்து மாடியில் போய்க் கிடந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாகக் கம்பத்தைப் படுக்க வைத்துவிடுகிறேன்.

லைசென்ஸ்: மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் ஏஎஸ்ஓசி பரீட்சை. சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பம், பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை, முதலாவதுக்கு மோர்ஸ் (எழுத்துகளைக் குட்டை, நெட்டைச் சத்தங்களாக அனுப்பும் முறை) வேண்டாம். வழக்கமாக வியு3 (VU3) என்று தொடங்கும் அழைப்புக்குறி ரெஸ்ட்ரிக்டட், வியு2 (VU2) ஜெனரல். பாடம் கடினம் இல்லை, ஓம் விதி, டியூன்ட் சர்க்யூட், ஆன்டெனா, அப்புறம் விதிமுறைகள். பரீட்சைக்கும் லைசென்ஸ் கையில் வருவதற்கும் இடையில் காத்திருக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் மோர்ஸ் பழகுங்கள். ஜெனரலுக்கு நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை வேகம் வேண்டும். எல்சிடபிள்யூஓ என்ற இலவசத் தளத்தில் கோக் முறையில், அதாவது ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போகும் வகையில், பாடங்கள் இருக்கின்றன. புள்ளி கோடு என்று எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சத்தமாகக் காதில் ஏற்ற வேண்டும், மிருதங்கச் சொல்லைக் கற்றுக்கொள்வது போல. எனக்கு ரயிலில் பெரம்பூரில் இருந்து சென்ட்ரல் போகும் நேரம்தான் வகுப்பு.

ஆட்களைப் பொறுத்தவரை, மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது, போய்ப் பாருங்கள். இந்த ஊருக்கு இதில் பழைய சொந்தம் உண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பை ஆரம்பித்துவிட்டது, ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே அப்போது கிடையாது. பணம் இல்லாமல் 1927-ல் நின்றபோது கருவிகளை மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள், மாநகராட்சி 1930-ல் அதை மறுபடி ஒலிக்க வைத்தது. எல்லாம் ஆர்வத்தால் கைக்காசு போட்டுச் செய்தவர்கள்.

கூடிச் செய்வதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபாக்ஸ் ஹன்ட், அதாவது ஒளித்து வைத்த சின்ன டிரான்ஸ்மிட்டரைத் திசை ஆன்டெனா வைத்துத் தேடுவது. இரும்பு மெஷரிங் டேப்பை வெட்டி பிவிசி குழாயில் கட்டினால் யாகி என்ற அந்தத் திசை ஆன்டெனா தயார். அக்டோபரில் ஜோட்டா, அதாவது சாரணர்கள் ஹாம் ரேடியோவில் பேசிக்கொள்ளும் நிகழ்ச்சி, வரும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூட்டிப்போங்கள். ஹாம்கள் கூடும் ஹாம்ஃபெஸ்ட் இந்தியா வருஷத்துக்கு ஒரு ஊரில் நடக்கும், பழைய செட்டுகள் நியாயமான விலைக்குக் கிடைப்பது அங்கேதான்.

இது வெறும் பொழுதுபோக்கா என்று வீட்டில் கேட்டால் 2004-ஐச் சொல்லுங்கள். பாரதி பிரசாத் அம்மையார் அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் இருந்து ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். 26-ந் தேதி சுனாமி வந்து போன் லைன்கள் படுத்தபோது அந்த செட்தான் அந்தமானுக்கும் இங்கே தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கும் இடையே செய்தி கடத்தியது. ஹாம்களுக்காகவே நம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பிஎஸ்எல்வி சி6-ல் 2005 மே 5 அன்று ஹாம்சாட் செயற்கைக்கோள் போனதும், அது 2014 வரை உழைத்ததும் அதே மாதிரி சொல்ல வேண்டியவை.

லைசென்ஸ் வந்த பிறகு குறைந்த சக்தியில் தூரம் போக எஃப்டி8 இருக்கிறது, கம்ப்யூட்டர் வழியாகக் குட்டிச் செய்திகள் அனுப்பும் முறை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-ல் கொண்டுவந்தது, பதினைந்து விநாடிக்கு ஒரு முறை மாறி மாறி அனுப்புவது, 14.074-ல் எப்போதும் கூட்டம். ஆனால் கேட்க லைசென்ஸ் வேண்டாம், டபிள்யூஎஸ்ஜேடி எக்ஸ் மென்பொருளை டாங்கிளோடு சேர்த்தால் இன்றைக்கே அழைப்புக்குறிகளும் நாட்டுப் பெயர்களும் வரிசையாக இறங்கும். உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததில் நம் இடத்தின் குறியையும் அதில் கேட்கும்; என் பெரம்பூருக்கு என்கே03, உங்கள் வேளச்சேரிக்கு என்கே02 என்று போடுங்கள்.

மேற்குப் பக்கம் திறந்த பால்கனி இருந்தால் க்யூஓ 100-ஐ விட்டுவிடாதீர்கள். 25.9 டிகிரி கிழக்கில் அசையாமல் நிற்கும் கத்தார் செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்று ஒதுக்கிய பகுதி அது. சென்னையில் இருந்து மேற்கில் சற்றே தெற்காக, ஏறக்குறைய 27 டிகிரி உயரத்தில் இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் டிடிஎச் டிஷ்ஷும் யுனிவர்சல் எல்என்பியும் (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ரிசீவர்) போதும், அது அலைவரிசையைக் குறைத்துத் தருவதால் 10,489 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் டாங்கிளில் 739 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து உட்காரும்.

இந்த வாரமே ஏதாவது செய்ய வேண்டுமென்றால், 14.100 மெகாஹெர்ட்ஸில் நில்லுங்கள். கொழும்பு, ஹாங்காங், கென்யா, பின்லாந்து என்று 18 இடங்களில் இருந்து பீக்கன்கள், அதாவது தானாக மோர்ஸில் அனுப்பும் அடையாள டிரான்ஸ்மிட்டர்கள், ஆளுக்குப் பத்து விநாடி முறை வைத்து அனுப்பும், மூன்று நிமிஷத்தில் ஒரு சுற்று. அழைப்புக்குறி, அப்புறம் நீளமாக நான்கு கோடு: முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி 0.1. எந்த ஊரில் இருந்து எத்தனை கோடு கேட்டது என்று நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், காலையில் ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை. ஒரு மாத நோட்டோடு வாருங்கள், மாடியின் நீளம் அகலத்தையும் சொல்லுங்கள், கம்பியை எந்தத் திசையில் கட்டலாம் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.