இரு நகரங்களுக்கு மட்டும் ஒரு தொலைபேசி நிறுவனம்: வாசகர் கேள்வி – பதில்

மும்பைக்கும் தில்லிக்கும் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் இல்லாத ஊர் குமரி மாவட்டத்தில் குறைவு. அதனால்தானோ என்னவோ, தில்லி, மும்பை இரு நகரங்களுக்கு மட்டுமான அரசுத் தொலைபேசி நிறுவனம், எம்.டி.என்.எல். எனப்படும் மகாநகர் டெலிபோன் நிகம் நிறுவனத்தின் கடன் சுமையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்புக்கு எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கான விடைகள் கீழே.

மும்பையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஊர் திரும்பியவன் நான். அங்கு வாங்கிய எம்.டி.என்.எல்.லின் ‘டால்பின்’ செல்பேசி எண் இன்றும் என்னிடம் உள்ளது. ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கும் அதனோடுதான் இணைந்திருக்கிறது. எம்.டி.என்.எல்., பி.எஸ்.என்.எல்.லோடு ஒன்றாகிவிட்டது என்கிறார்களே, உண்மையா? எண்ணை வைத்திருக்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

ஒன்றாகிவிடவில்லை. இரண்டையும் இணைப்பதற்கு 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது உண்மைதான். ஆனால் எம்.டி.என்.எல்.லின் கடனை யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்வியிலேயே அந்த இணைப்பு நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாக, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தில்லியிலும் மும்பையிலும் எம்.டி.என்.எல்.லின் சேவைகளை நடத்தும் பொறுப்பு ஓர் ஒப்பந்தத்தின் மூலம் பி.எஸ்.என்.எல்.லிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. நிறுவனமும் கடனும் பெயரும் அங்கேயே இருக்க, கடையை நடத்துபவர் மட்டும் மாறியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

தங்கள் எண்ணைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எம்.டி.என்.எல்.லுக்கு அந்த இரு நகரப் பகுதிகளைத் தவிர வேறெங்கும் கோபுரங்கள் இருந்ததில்லை. மார்த்தாண்டத்தில் தங்கள் டால்பின் எண் இத்தனை நாளும் ரோமிங் முறையில் பி.எஸ்.என்.எல். கோபுரத்தை நம்பியே ஒலித்துக்கொண்டிருந்தது. எண்ணைக் கைவிட வேண்டியதில்லை. 2015 ஜூலை முதல் நாட்டின் எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்தும் (பெரும்பாலும் ஒரு மாநிலம் ஒரு வட்டம்) எந்த வட்டத்துக்கும் எண் மாறாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள இயலும். ‘போர்ட்’ (PORT) என்ற ஆங்கிலச் சொல்லையும் ஓர் இடைவெளி விட்டுத் தங்கள் எண்ணையும் 1900-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் குறியீடு ஒன்று வரும். அதையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு தாங்கள் விரும்பும் நிறுவனத்தின் கடைக்குச் சென்றால் போதும். எண்ணை ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் மாதக்கணக்கில் விட்டுவைப்பது மட்டும் ஆபத்து. துண்டிக்கப்பட்ட எண் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படும். அப்போது தங்கள் வங்கியின் ஓ.டி.பி. யாரோ ஒருவரின் கைக்குப் போய்ச் சேரும்.

அரசின் தொலைபேசித் துறையிலிருந்து தில்லி, மும்பை இரண்டை மட்டும் ஏன் பிரித்தார்கள்? சென்னையையும் கொல்கத்தாவையும் விட்டுவிட்டது ஏன்? பிரித்ததால் நன்மை ஏதேனும் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

1985-இல் அஞ்சல் தந்தித் துறையிலிருந்து தொலைத்தொடர்புத் துறை தனியாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அதிலிருந்து இரண்டு நிறுவனங்கள் பிறந்தன: வெளிநாட்டு அழைப்புகளுக்காக வி.எஸ்.என்.எல்., தில்லி – மும்பைக்காக எம்.டி.என்.எல். அரசுத் துறையாக இருக்கும்வரை நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்படும் தொகையைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். நிறுவனமாகிவிட்டால் கடன் பத்திரம் வெளியிட்டுச் சந்தையில் பணம் திரட்டலாம். தொலைபேசிக்கு மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்நாளில் இது பெரிய காரணம்தான். நாட்டின் தலைநகரமும் வணிகத் தலைநகரமும் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. சென்னையும் கொல்கத்தாவும் துறையின் கீழேயே தொடர்ந்து, 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செயல்படத் தொடங்கியபோது நம் மாவட்டம் உட்பட நாட்டின் மீதிப் பகுதிகளோடு அதன் கீழ் வந்தன. இன்றும் பி.எஸ்.என்.எல்.லுக்குள் சென்னைத் தொலைபேசி வேறு, தமிழ்நாடு வட்டம் வேறு.

முதல் பதினைந்து ஆண்டுகளில் எம்.டி.என்.எல். செல்வப் பிள்ளையாகவே வளர்ந்தது. 1997-இல் நவரத்தின நிறுவனம் என்ற தகுதி கிடைத்தது. 2001-இல் அதன் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில்கூடப் பட்டியலிடப்பட்டன. ஆனால் சரிவுக்கான விதை அதற்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது. தனியார் செல்பேசி நிறுவனங்கள் 1995-இல் அந்நகரங்களில் கால் வைத்தபோது, அங்கேயே வேரூன்றியிருந்த எம்.டி.என்.எல்.லுக்கு 2001-இல்தான் செல்பேசிச் சேவையைத் தொடங்க முடிந்தது. நாட்டிலேயே முதன்முதலாக 2008 டிசம்பரில் தில்லியில் 3ஜி சேவையைத் தொடங்கிய பெருமை அதற்கு உண்டு. எனினும் 2010-இல் தனியார் ஏலம் கேட்டு உயர்த்திய விலையையே, ஏலத்தில் கலந்துகொள்ளாத அரசு நிறுவனங்களும் அலைக்கற்றைக்காகச் செலுத்த வேண்டும் என்றாயிற்று. இரு நகரங்களை மட்டுமே வைத்திருந்த எம்.டி.என்.எல். சுமார் 11,000 கோடி ரூபாய் செலுத்தியது. அந்தப் பணத்துக்காக வாங்கிய கடனின் வட்டியிலிருந்து அது பிறகு எழுந்திருக்கவே இல்லை. 4ஜி காலம் அதற்கு வாய்க்கவே இல்லை.

நன்மை உண்டா என்று கேட்டீர்கள். பிரித்தது இரு பக்கத்துக்கும் கேடு என்பதே என் கருத்து. சோற்றுப் பானையை ஒரு வீட்டுக்கும் குழம்புச் சட்டியை இன்னொரு வீட்டுக்கும் பாகம் வைத்ததைப் போன்ற பிரிவினை அது. நல்ல வருமானம் தந்த இரு நகரங்கள் ஒரு கணக்கிலும், வருமானம் குறைந்த மலையும் கடற்கரையும் சிற்றூரும் பெரும்பாலும் இன்னொரு கணக்கிலும் போயின. போட்டி வந்தபோது தனியார் முதலில் குறிவைத்தது அந்த இரு நகரங்களும் அடங்கிய பெருநகரங்களைத்தான். சாய்ந்துகொள்ள வேறு நிலப்பரப்பு எம்.டி.என்.எல்.லிடம் இல்லை. 2020 ஜனவரி 31-ஆம் நாள் ஒரே மாலையில் விருப்ப ஓய்வில் வெளியேறியவர்கள் பி.எஸ்.என்.எல்.லில் ஏறக்குறைய 78,500 பேர், எம்.டி.என்.எல்.லில் ஏறக்குறைய 14,400 பேர். கம்பத்தில் ஏறிக் கம்பியின் நிறத்தைப் பார்த்தே எந்த வீட்டு இணைப்பு என்று சொல்லக்கூடிய லைன்மேன்கள் பலரும் அன்று வீட்டுக்குப் போனார்கள்.

என் தகப்பனார் வாங்கிய எம்.டி.என்.எல். பங்குகள் சில உள்ளன. அரசு நிறுவனம்தானே, பணம் போகாது என்று எண்ணலாமா?
– வாசகி, தக்கலை

அப்படி எண்ண வேண்டாம். அரசு உத்தரவாதம் அளித்திருப்பது அந்நிறுவனம் வெளியிட்ட குறிப்பிட்ட சில கடன் பத்திரங்களுக்குத்தான். பங்குகளுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பொதுத்துறை வங்கிகளிடம் வாங்கிய கடனில் 8,000 கோடி ரூபாய்க்கு மேல் தவணை தவறியிருப்பதாக அந்நிறுவனமே 2025-இல் பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்தது. கடன் கொடுத்த வங்கிகளில் நமக்குப் பழக்கமான இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. பங்குகளை விற்பதா வைத்திருப்பதா என்பதை அம்மா தாங்களே முடிவு செய்ய வேண்டும்.

களியக்காவிளையில் என் வீட்டு முன்னறையில் தமிழ்நாடு, அடுக்களையில் கேரளம் என்று செல்பேசி காட்டுகிறது. இதனால் இழப்பு ஏதேனும் உண்டா?
– வாசகர், களியக்காவிளை

கட்டணத்தில் இப்போது இழப்பில்லை. நாடு 22 உரிமப் பகுதிகளாக, அதாவது வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலும் மாநில எல்லையே அதற்கும் எல்லை. (புதுச்சேரி தமிழ்நாட்டு வட்டத்திலும், அதே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாகி கேரள வட்டத்திலும் இருப்பது வேறு கதை.) ஆனால் வானொலி அலைக்குச் சோதனைச் சாவடி தெரியாது, எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள பாறசாலைக் கோபுரத்தின் அலை வலுவாக இருந்தால் செல்பேசி அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு காலத்தில் இது சில்லறை விஷயமாக இருக்கவில்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் உறவினருக்குத் துணையாக நின்ற நம் ஊர்க்காரர்கள், வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் துண்டித்துவிட்டு, வார்டுக்கு வெளியே இருந்த பூத்தில் காசு போட்டுத் திரும்பப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். வரும் அழைப்புக்கும் ரோமிங் கட்டணம் பிடித்த காலம் அது. 2015 ஜூன் 15 முதல் நாடு முழுவதும் வரும் அழைப்புகளுக்கு ரோமிங் கட்டணம் இல்லை என்று பி.எஸ்.என்.எல். அறிவித்தது, தனியாரும் பின்னர் அந்த வழிக்கு வந்தனர். அரசு நிறுவனம் ஒன்று சந்தையில் இருப்பதன் பயன் எனக்குக் கண்கூடாகத் தெரிந்த இடம் அதுவே.

இன்றும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. அவசர உதவிக்கு 112-ஐ அழைக்கும்போது, செல்பேசி பிடித்திருக்கும் கோபுரம் கேரளத்துடையதாக இருந்தால் அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லக்கூடும். எனவே எடுத்த எடுப்பில் ஊரையும் மாவட்டத்தையும் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். செல்பேசி அமைப்பில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கி முறையிலிருந்து மாற்றித் தமிழ்நாட்டு வட்டத்தை நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் வழியுண்டு.

ஒக்கி புயலுக்குப் பிறகும் எங்கள் பிள்ளைகள் ஆழ்கடலுக்குப் போனால் செல்பேசி கிடைப்பதில்லை. கரையில் கோபுரத்தை இன்னும் உயர்த்தினால் கிடைக்காதா? வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் செயற்கைக்கோள் தொலைபேசி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், வள்ளவிளை

கோபுரத்தால் தீராது. 40 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் கடலின் வளைவு சுமார் 23 கிலோமீட்டரில் கண்ணை மறைத்துவிடும். படகின் உயரத்தைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் சில கிலோமீட்டர் கூடும். பழைய 2ஜி முறையில் கோபுரம் எவ்வளவு உயரமானாலும் சாதாரணமாக 35 கிலோமீட்டருக்கு அப்பால் அழைப்பு நிலைக்காது, ஏனெனில் அலை போய்த் திரும்பும் நேரத்துக்கு அந்தத் தொழில்நுட்பமே எல்லை வகுத்திருக்கிறது. தூத்தூர், வள்ளவிளைப் படகுகளோ லட்சத்தீவையும் தாண்டி நாள்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவை.

உறவினர் அன்போடு தருவதை வாங்கவே வேண்டாம். துரையா, இரிடியம் ஆகிய செயற்கைக்கோள் தொலைபேசிகளை உரிமமின்றி இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கில் சிக்கியவர்கள் உண்டு. அனுமதிக்கப்பட்ட வழி, பி.எஸ்.என்.எல். மூலம் கிடைக்கும் இன்மர்சாட் தொலைபேசி. காசியாபாத்தில் உள்ள தரைநிலையம் வழியாக அது இயங்குகிறது. செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் பேச்சு ஒரு கணம் தாமதித்தே வந்து சேரும். ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேசப் பழக வேண்டும். மீனவர்களுக்கு மானியத்தில் கிடைக்குமா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தனியாக விலை கொடுத்து வாங்குவதைவிட, ஒன்றாகப் போகும் படகுகள் குழுவாகச் சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது.

எங்கள் பழைய தரைவழித் தொலைபேசியை ஃபைபர் இணைப்பாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், குலசேகரம்

மாற்றலாம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். செப்புக் கம்பியில் ஓடிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்த மின்கலத்திலிருந்து வந்தது. ஆகவே வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் கம்பி அறுபடாதவரை தொலைபேசி ஒலிக்கும். ஒக்கி புயல் வீசிய 2017 நவம்பர் 30-க்குப் பிறகு ரப்பர் மரங்கள் மின்கம்பிகளின் மேல் சாய்ந்து கிடக்க, மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணாடி இழை ஒளியைத்தான் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. சுவரில் மாட்டும் சிறு பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். அது நின்றால் இணையமும் போகும், தொலைபேசியும் போகும். அந்தப் பெட்டிக்குத் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு. வீட்டு இன்வெர்ட்டரின் ஒரு முனையை அதற்கென்று ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் மோடத்துக்கென்றே விற்கும் சிறு மின்கலப் பெட்டி போதும். இணைப்பு கொடுக்க வருபவரிடமே அதைக் கேட்டு, அவர் இருக்கும்போதே மெயினை அணைத்து, தொலைபேசி ஒலிக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.