குன்னூர் ஏற்றத்தில் பழைய லாரி இழுக்கவில்லை. பிஸ்டன், கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றினால் பவர் கூடுமா?

கூடும். ஆனால் இருந்த பவர் எங்கே போனது என்று முதலில் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம்; காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத டீசல் இன்ஜினுக்கு அங்கே மூச்சு வாங்கும். கேம் மாற்றி இதைச் சரிக்கட்ட முடியாது.

இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறங்கள். குபுகுபுவென்று புகை வந்தால், பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கும் லைனரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள் உறை) தேய்ந்திருக்கும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் அமுக்கிய காற்று, அங்கேதான் கசிகிறது. லைனர், பிஸ்டன், ரிங் செட் மாற்றி, வால்வு கிரைண்ட் செய்து, டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் பம்ப்பையும் காலிபரேஷனுக்கு (அளவு சரிபார்க்க) கொடுத்தாலே, குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்போது வித்தியாசம் தெரியும்.

பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டும் வேலை மட்டும் வேண்டாம். காற்று போதாமல் கரும்புகையாகத்தான் போகும், சூடேறி பிஸ்டனும் கெடும். டர்போ என்றால் அதற்கேற்ற பிஸ்டன், கூலிங், அப்புறம் ஆர்.டி.ஓ. ஒப்புதல் என்று செலவு நீளும்.