மகள் ஈஸ்ட் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

அம்மா, நோய் உண்டாக்கும் ஈஸ்ட்டின் மரபணுக்களை ஆராயப்போவதாக மகள் சொன்னதிலிருந்து உங்களுக்கு இரண்டு பயம்: கிருமி தொற்றிவிடுமோ, வேலை கிடைக்காமல் போய்விடுமோ.

முதலாவதை விடுங்கள். கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற அந்த ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை, ஆரோக்கியமான பலரின் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருப்பதுதான். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம்தான் பெரும்பாலும் கடுமையாக வாலாட்டும்.

இரண்டாவதற்கு முன், அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். உருண்டை ஈஸ்ட்டை 37 டிகிரி சூட்டில் சீரத்தில் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில்) விட்டால், இரண்டு மூன்று மணி நேரத்தில் விதை முளைவிடுவதுபோல இழை நீட்டும். திசுவுக்குள் புகுவது அந்த இழைதான். இழை நீளும்போது மும்முரமாக இயங்கும் ஒரு மரபணுவை 1993-இலேயே கண்டறிந்து இசிஇ1 என்று பெயரிட்டார்கள். அதை நீக்கினாலும் இழை வழக்கம்போல வளர்ந்தது. அப்படியானால் அது எதற்கு? விடை 2016-இல்தான் கிடைத்தது. 31 அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமானத் துண்டுகள்) கொண்ட ஒரு நச்சு அந்த மரபணுவிலிருந்து பிறக்கிறது. மரபணு போனால் ஈஸ்ட் பல் பிடுங்கிய பாம்பு: இழை இருக்கும், நம் செல்லைக் குலைக்காது.

23 ஆண்டுகள், அம்மா! இந்த ஈஸ்ட்டில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி. இரண்டையும் நீக்கி, நோய் உண்டாக்கும் வீரியம் குறைகிறதா என்று பார்த்து, திரும்பப் பொருத்தி, வீரியம் மீள்கிறதா என்றும் பார்த்தால்தான் நம்புவார்கள். மாதங்கள் ஓடிவிடும். இந்தப் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்பதை மதிப்பெண் சொல்லாது. விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் சில வாரம் வேலை செய்யட்டும். தட்டில் வளர்த்தது வேறு பூஞ்சை புகுந்து பாழான பிறகும் மறுநாள் உற்சாகமாகக் கிளம்பினால், தடுக்காதீர்கள்.

தேவை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 19 ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் இந்த ஈஸ்ட் முதல் வரிசையில் இருக்கிறது. பூஞ்சை செல் நம் செல்லை ஒத்திருப்பதால், நம்மைத் தாக்காமல் அதை மட்டும் தாக்கும் மருந்துகள் குறைவு. ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: சுயமாக ஆராய்ச்சி நடத்த முனைவர் பட்டம் வேண்டும், நல்ல சம்பளம் தாமதமாகத்தான் வரும். முதுகலையோடு நிறுத்தினால் நோயறிதல் ஆய்வகம், மருந்து நிறுவனம் என்று வழி உண்டு. இப்போதே புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும் பழகட்டும். ஈஸ்ட்டை விட்டு வேறு துறைக்குத் தாவினாலும் அவை கூடவே வரும்.

ஆய்வுக்குச் சேரும்போது நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி யார் என்று பாருங்கள். அவரிடம் முடித்தவர்களுக்கு எத்தனை ஆண்டு பிடித்தது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள்.