மண்வெட்டி என்று எழுதியது தப்புதான்

போன இதழில் யாரோ வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிக் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் "கணக்கு என்ன, மண்வெட்டி மாதிரி ஒரு கருவிதானே" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். வட்டியைப் பற்றி ஒரு கடிதம்கூடத் திரும்ப வரவில்லை. மண்வெட்டிக்குத்தான் மூட்டையாக வந்திருக்கிறது, அதனால் இந்தத் தடவை முழுக்க அதுதான்.

கேள்வி: கும்பகோணத்தில், ராமானுஜன் குடியிருந்த சாரங்கபாணி சன்னிதித் தெருவுக்கு நாலு தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு, கணிதத்தை மண்வெட்டி என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நாற்பது வருஷம் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் கேட்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாபநாசம்

சார், பாதி வாபஸ். ஏன் பாதி என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் வாபஸ் வாங்கியதற்குக் காரணம்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி, பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையில் நாலை எடுத்துத் தரையில் போட்டேன். நாலு கொட்டையை எத்தனை விதமாகக் குவியல் வைக்கலாம்? நாலும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நாலும் தனித்தனி. ஆக ஐந்து விதம். ஒன்பது கொட்டைக்கு 30 விதம் வரும், எனக்கு அதற்குள்ளேயே இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது. பதினாலு கொட்டைக்கு 135, பத்தொன்பதுக்கு 490. இப்படி 4, 9, 14, 19 என்று ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் போனாலும், வருகிற விடை ஐந்தால் மீதியில்லாமல் வகுபடும். மக்மஹோன் என்பவர் 200 வரைக்கும் போட்டு வைத்திருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்த ராமானுஜன் இதைக் கவனித்தார், நிரூபித்தும் காட்டினார், 1919-ல் அச்சில் வந்தது. (200 கொட்டைக்கு எத்தனை விதம் தெரியுமா? கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி.)

இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, இதை வைத்து யாருக்கும் அன்றைக்கு ஒரு வேலையும் ஆகவேண்டியிருக்கவில்லை. அந்த ஐந்து ஏன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது? எனக்கு ஆறு ராசியான எண், ஆறால் வகுபடட்டும் என்று நான் தலைகீழாக நின்றாலும் நடக்காது. மண்வெட்டிப் பிடி நீளமாக இருந்தால் என் உயரத்துக்கு அறுத்துக்கொள்ளலாம், இங்கே அந்தப் பேச்சே கிடையாது. நாம் செய்த சாமானாக இருந்தால் கொஞ்சமாவது நமக்கு வளைந்து கொடுத்திருக்கும்.

மீதிப் பாதியை ஏன் வாபஸ் வாங்கவில்லை என்றால், அது ஹார்டியால். ராமானுஜனை 1914-ல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி, 1940-ல், தன் கண்டுபிடிப்பு எதனாலும் உலக நடப்பில் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வித்தியாசமும் வரப்போவதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதினார். எண்களின் ஆராய்ச்சி போருக்கு உதவாது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. 1977-ல் மூன்று பேர், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததைத் திரும்பப் பிரிப்பது படுகஷ்டம் என்ற ஒரே விஷயத்தை வைத்து ரகசியத்தைப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பூட்டும் அதன் வாரிசுகளும் இல்லாமல் இன்றைக்கு இணையத்தில் பணமும் நகராது, ராணுவமும் பேசாது. அதனால் கருவி இல்லை என்றும் சாதிக்க முடியவில்லை.

கேள்வி: கலப்பெண், இன்டெக்ரேஷன் எல்லாம் வாழ்க்கையில் எங்கே சார் பயன்படும்?
— ப்ளஸ் டூ மாணவி, மன்னார்குடி

இப்போதைக்கு மார்ச் மாதப் பரீட்சையில். கலப்பெண்ணைப் பற்றி மட்டும் ஒன்று: அது பிறந்ததே மைனஸ் எண்ணின் வர்க்கமூலத்திலிருந்துதான். அப்படி வர்க்கமூலம் எடுத்து 1545-ல் எழுதிவைத்த இத்தாலியக்காரர் கார்டானோவுக்கே அது உதவாத சமாச்சாரமாகத்தான் பட்டது. இன்று உங்கள் ஊர் பம்புசெட்டுக்கு வருகிற மும்முனை மின்சாரத்தைக் கணக்குப் போடும் எஞ்சினியருக்கு அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. நடுவில் முந்நூறு வருஷத்துக்கும் மேல் ஓடியிருக்கிறது, நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தாச்சு என்று பேப்பரில் தினமும் வருகிறது. கணக்குப்படி என் வயலுக்கு எப்போதோ தண்ணீர் வந்திருக்க வேண்டும். வாய்க்காலில் ஒரு தவளைகூட இல்லை. கணக்கு பொய் சொல்லுமா?
— கடைமடை விவசாயி, திருத்துறைப்பூண்டி பக்கம்

பொய் இல்லைங்க, அது உங்கள் வயலைப் பற்றிய கணக்கே இல்லை. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. இதில் ஒரு பிசகும் கிடையாது, ஆனால் அது மேட்டூர் மதகில் எடுத்த அளவு. அங்கிருந்து கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகும், அப்புறம் கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால், வழியில் மணல் குடித்தது, ஆகாயத்தாமரை அடைத்தது, மேலே இருக்கிறவர் ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிட்டது. இதையெல்லாம்கூடக் கணக்கில் சேர்க்கலாம், சேர்க்கவும் செய்கிறார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை மட்டும் கணக்கு சொல்லாது, ஆள்தான் சொல்லவேண்டும்.

காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கு போட்டது: நமக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சுற்றுச்சூழலுக்கும் கடலுக்குத் தவிர்க்கமுடியாமல் போவதற்கும் சேர்த்து 14. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். ஆனால் 740 என்பது இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் வரும் என்று நம்பக்கூடிய அளவு. மற்ற வருஷத்தில் குறைவாகத்தான் வரும், அப்போதுதானே சண்டையே. 2018-ல் உச்ச நீதிமன்றம் நம் பங்கில் 14.75 குறைத்து 404.25 ஆக்கியது. அதில் 10 டிஎம்சிக்குக் காரணம் டெல்டாவின் நிலத்தடி நீர், மீதி 4.75 பெங்களூரின் குடிநீர். நடுவர் மன்றம் கணக்கில் சேர்க்காத நிலத்தடி நீரை நீதிமன்றம் சேர்த்தது. மொத்தம் அதே 740, கூட்டல் இரண்டு தடவையும் சரி, நம் பங்கு மட்டும் மாறிவிட்டது. இரண்டில் எது நியாயம் என்று கூட்டலைக் கேட்டால் அது முழிக்கும்.

என் சொந்தக் கதை ஒன்று. சில வருஷம் முன்னால் ஒரு கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல்லை ஈரம் பார்த்தார்கள். குவியலின் மேலே அள்ளிய கைப்பிடி மீட்டரில் 16.8 காட்டியது. அந்தப் பையன் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு இன்னொரு பிடி எடுத்தான், 17.6. வரம்பு 17 சதவீதம். ஒரே குவியல், ஒரே மீட்டர். மேல்பிடி போதும் என்பது நான், உள்பிடிதான் என்பது அவர்கள். ஒன்றரை நாள் பேசினோம், அதற்குள் வெயில் அடித்து நெல்லே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கேள்வி: கணிதத்தால் எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாது என்று கோடெல் நிரூபித்துவிட்டாராமே? அப்படியென்றால் விஞ்ஞானத்தை எப்படி நம்புவது?
— கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

'ராமே' என்று முடிகிற கேள்வி என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். கோடெல் என்ற கணித மேதை 1931-ல் காட்டியது இவ்வளவுதான்: முழு எண்களின் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் நீங்கள் என்ன விதிமுறை வகுத்தாலும், அந்த விதிகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருந்தால், அந்த விதிகளுக்கு எட்டாத ஓர் உண்மை எண்களுக்குள்ளேயே இருக்கும். அவர் செய்த தந்திரம், 'என்னை இந்த விதிகளால் நிரூபிக்க முடியாது' என்று தன்னைப் பற்றியே பேசும் ஒரு வாக்கியத்தை எண்களின் மொழியில் எழுதியது. அந்த வாக்கியத்தை நிரூபித்தால் அது பொய்யாகிவிடும், நிரூபிக்க முடியாவிட்டால் அது சொன்னது உண்மை.

எனக்குப் பிடித்த இடம் வேறு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1929-ல், பிரெஸ்பர்கர் என்ற மாணவர் கூட்டல் மட்டும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, எந்தக் கேள்விக்கும் முடிவு சொல்லிவிடலாம் என்று காட்டியிருந்தார். பெருக்கலையும் உள்ளே விட்டவுடன் எல்லாம் கைமீறிப் போகிறது. நாலாம் வாய்ப்பாடு சொல்லும்போது நாம் எங்கே காலை வைக்கிறோம் என்று ஒருத்தரும் எச்சரிக்கவில்லை, பாருங்கள்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, பாலம் கட்டுகிற கணக்கைச் சந்தேகப்பட முடியாது. 'விஞ்ஞானத்துக்கு எட்டாதது' என்று மேடையில் கோடெலை இழுக்கிறவர்கள் வேறு எதையோ விற்க வந்திருக்கிறார்கள், பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த எல்லையைக் கணிதத்துக்கு வெளியே இருந்து யாரும் வந்து போடவில்லை, கணிதமே நிரூபித்துக் காட்டியதுதான் இது.

கேள்வி: எங்கள் தாத்தா மா, காணி, முந்திரி என்று ஏதோ வாய்ப்பாடு சொல்வார். அது நிலக்கணக்கா, எண்கணக்கா?
— வாசகி, திருவாரூர்

முதலில் எண். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. வேலி என்ற பழைய நில அளவில் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் நம் பக்கத்தில் மூன்றில் ஒரு ஏக்கருக்கு மா என்று பெயர். முந்திரிக்குக் கீழே போகவேண்டுமென்றால் 'கீழ்' என்று போட்டு அந்த 320-ல் ஒன்றை மறுபடி 320 ஆகப் பிரிப்பார்கள். கீழ்முந்திரி 1,02,400-ல் ஒன்று. 'இம்மியளவும்' என்கிறோமே, அந்த இம்மியும் இந்தக் கூட்டத்தில் ஒரு பின்னம்தான்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஊர் ஊராக நிலக்கணக்கு இருக்கிறது, அதில் இந்தக் 'கீழ்' மேலும் மேலும் வரும். இன்றைய வேலிக் கணக்கில் கீழ்முந்திரி நிலம் என்பது ஒரு மணைப்பலகை போடுகிற இடம். இன்னொரு கீழ் இறங்கினால் ஒரு தபால்தலை. எந்தக் கோலை நீட்டி எந்த வரப்பில் நின்று தபால்தலை அளவு நிலத்தை அளந்திருப்பார்கள்? கோலால் அளந்தது எப்போதோ முடிந்திருக்கும். நீளத்தை அகலத்தால் பெருக்கி, வரியில்லாத இறையிலி நிலத்தைக் கழித்து, மீதி என்ன வந்ததோ அதை அந்தக் கணக்கர் விடவில்லை, அப்படியே கல்லில் வெட்டச் சொல்லிவிட்டார். உங்கள் தாத்தா சொன்ன வாய்ப்பாடு முழுசாக யாருக்காவது ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், எனக்கு முக்காலுக்குக் கீழே எல்லாம் மறந்துபோய்விட்டது.