டைவ் விளக்கைப் பிடித்துக் கை சோர்ந்துபோனால் என்ன செய்வது?

ஸ்கூபா டைவிங்கின்போது விளக்கைப் பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறது, இன்னும் அதிக லூமென் (ஒளியின் அளவு) உள்ளதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறை பெரும்பாலும் வெளிச்சத்தில் இல்லை, பிடியில்தான் இருக்கிறது. சாதாரண டார்ச்சைப் போல முஷ்டிக்குள் இறுக்கிப் பிடிக்கும் விளக்கு விரல்களை முழுவதுமாகக் கட்டிப்போட்டுவிடும். மாறாக, உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு பட்டை மட்டும் செல்ல, விளக்கு புறங்கையின் மேல் அமரும் குட்மேன் பிடியில், மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்வது, மிதவைச் சட்டையின் காற்றைக் கூட்டிக் குறைப்பது போன்ற வேலைகளை விளக்கைக் கீழே விடாமலேயே செய்யலாம். ஆனால், காற்றை வெளியேற்ற அந்தச் சட்டையின் குழாயை உயர்த்தும் அதே கையில் விளக்கும் இருந்தால், ஒளி உடன் டைவ் செய்பவரின் கண்ணில் பாய்ந்துவிடும் (இந்தத் தவறு எல்லோருக்கும் நேர்வதுதான்).

லூமெனைவிட ஒளிக்கற்றையின் அகலத்தையே நான் முதலில் பார்ப்பேன். கலங்கிய நீரில் அகன்ற ஒளி மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பி, கண்முன் வெண்திரையாக நிற்கும். குறுகிய கற்றையோ அதை ஊடுருவிச் செல்வதோடு, தரையில் மெல்ல வட்டமிட்டால் ‘நலம்’ என்றும், பக்கவாட்டில் வேகமாக அசைத்தால் ‘உடனே கவனி’ என்றும் சைகை செய்யவும் உதவும். அகன்ற ஒளி காணொளிப் பதிவுக்கே பொருந்தும். இரவில் இறங்கினால், சட்டையில் கொக்கியிட்ட சிறிய மாற்று விளக்கு ஒன்றும் அவசியம்.