கோத்தகிரியில் டேட்டாவுக்கு எங்கே போவது?

தம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாம் வருஷம், மனசு புள்ளியியல் பக்கம் போகுது, கோத்தகிரியில பழகிப் பார்க்க டேட்டாவுக்கு எங்க போறதுன்னு கேட்டிருக்கீங்க. வீட்டுல அரை ஏக்கர் தேயிலை இருக்குன்னும் எழுதியிருக்கீங்களே! அப்பாவோட இலைக் கணக்கு நோட்டை எடுங்க. தேதி, கிலோ, ஈரத்துக்குக் கழிச்சது, மழை பெஞ்சுதா இல்லையா, எல்லாத்தையும் ஆர் (R) என்கிற புள்ளியியல் மென்பொருள்ல ஏத்துங்க, அது இலவசம்தான். முதல்ல வரைபடம் போட்டுப் பாருங்க. ரிக்ரஷனுக்கு, அதாவது ஒரு அளவை வச்சு இன்னொண்ணைக் கணிக்கிற முறைக்கு, அவசரப்படாதீங்க: போன தடவை எவ்வளவு பறிச்சீங்கங்கிறது இந்தத் தடவை எடையில தெரியும், அதனால சாதாரண ரிக்ரஷன் எதிர்பார்க்கிற மாதிரி அளவுகள் ஒண்ணையொண்ணு சாராதவைன்னு எடுத்துக்க முடியாது. இந்த இடத்துல முட்டி மோதினாலே பாதிப் பாடம் புரிஞ்சிடும்.

மேல படிக்க, ஐஐடிகள்ல எம்.எஸ்சி. சேர எழுதுற ஜாம் (JAM) தேர்வுல கணிதப் புள்ளியியலுக்குத் தனித் தாளே இருக்கு, கொல்கத்தா ஐ.எஸ்.ஐ.யில (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) எம்.ஸ்டாட்ங்கிற புள்ளியியல் முதுகலைப் படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு. நிகழ்தகவை இப்பவே கெட்டியாப் பிடிச்சுக்குங்க. முதல் வரைபடத்தை இங்க போடுங்க, பார்க்க ஆசையா இருக்கு.