இடமும் திரையும்

கேள்வி: ஆண்களோடு சேர்ந்து படித்த முதல் பெண்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர்கள் பட்ட கஷ்டத்தையே எழுதுகிறீர்கள். அந்தக் காலத்தில் இடம் கொடுத்ததே பெரிய மனசு இல்லையா? – ஒரு வாசகர்

பதில்: இடம் கொடுத்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்கக் கூடாது என்று பையன்களைப் பெற்றவர்கள் கொதித்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதற்கு மசியவில்லை. அவர் மசிந்திருந்தால் 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வெளியே வந்திருப்பாரா?

சரி, இடம் கிடைத்தது. அப்புறம்? வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார வேண்டியிருந்தது. பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது ஊரின் பயம். பயம் அவர்களுடையது, மறைந்து உட்கார்ந்தது இந்தப் பெண். இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் அவ்வளவாகப் பேசாதது. முத்துலட்சுமியின் அப்பா நாராயணசாமி அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். 1940ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்த லலிதாவின் அப்பா பப்பு சுப்பாராவ் அங்கேயே பேராசிரியர். உள்ளே அப்பா இருந்தும் இந்தப் பாடு. கல்லூரியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத வீட்டுப் பெண், விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போயிருப்பாள்? அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பெரிய மனசைப் பற்றிப் பேசும்போது எனக்கு அவள் ஞாபகம்தான் வருகிறது.

லலிதா 18 வயதில் கணவரை இழந்தவர். மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படித்தார். லீலம்மா ஜார்ஜும் தெரசியாவும் அங்கே படிக்க வந்து சேரும்வரை அத்தனை பையன்களுக்கு நடுவே அவர் ஒருத்திதான். பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது.

மூன்று பேரும் படித்து முடித்துப் பட்டமும் வாங்கினார்கள். ஆனால் சான்றிதழில் 'அவன்' என்பதற்கான ஆங்கிலச் சொல் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வகுப்பில் இருந்தது இரண்டு மூன்று நாள் இல்லை, வருஷக்கணக்கில். புதிதாக ஒரு தாள் அச்சடிக்க அவ்வளவு காலம் போதவில்லையா?